வெடிக்காத முதல் வெடி

முதல் வெடி மட்டும் வெடிக்காது.

இரண்டாவது வெடிக்கும். மூன்றாவதும் நான்காவதும் வெடிக்கும். பொழுதுபடும்வரை எத்தனை வெடி வைத்தாலும் ஒன்றும் பிசகாது. அடுத்த சனிக்கிழமை வந்தால் திரும்பவும் முதல் வெடி மட்டும் ஊமையாகிவிடும். கோடை முழுக்கச் சொன்ன சொல் கேட்ட துவக்கு, இலைகள் மஞ்சளாகத் தொடங்கியபிறகு பிடித்த பிடிவாதம் இது. மரியரட்ணத்துக்குக் காரணம் பிடிபடவேயில்லை.

அவருடைய கைத்துவக்கு ஒற்றை வெடிக்கான மிகப் பழைய மாதிரி. அதற்குத் தோட்டா கிடையாது. வாய்ப்பக்கத்தால் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்து, ஒரு கோலால் அடிவரை அழுத்தவேண்டும். குழலின் அடியில், பின்பக்கத்தில், ஒரு சின்ன இரும்புக் குமிழ் திருகப்பட்டிருக்கிறது. அவர் போகும் சுடும் கழகத்தில் அதைப் பிஸ்ரன் என்பார்கள். அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பிஸ்ரனின் தலையில் செம்பாலான சின்னத் தொப்பி ஒன்றைப் போட்டு, விசையை அழுத்தினால் சுத்தியல் தொப்பியில் விழும். தொப்பிக்குள் பொறி பிறந்து, அந்தத் துளைவழியே ஓடி மருந்தைத் தொடும். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடியும்.

மரியரட்ணத்தை மயக்கியது அந்த ஓட்டந்தான். ஒரு பொறி, இருட்டான ஒரு துளைக்குள் வழி கண்டுபிடித்துப் போகிறது. யாரும் அதைத் தள்ளிவிடுவதில்லை.

இப்போது முதல் பொறி மட்டும் எங்கோ வழியில் நின்றுவிடுகிறது. தொப்பி "டக்" என்று வெடிக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. குழலை மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்து, புதுத்தொப்பி போட்டால் வெடிக்கும். சிலநாள் மூன்றாவது தொப்பியும் தேவைப்படும்.

இந்தத் துவக்கை அவர் கடையில் வாங்கவில்லை. கைவேலை செய்த ஒன்றின் விலைக்குக் கொழும்புக்கு ரிக்கெற் போட்டுவிடலாம். மலிவான வழியைக் காட்டியவர் றொனால்ட். ட்ராம் ஓட்டி இளைப்பாறிய மனிதர், ஜேர்மனியின் டோர்ட்மண்டுக்கு வடக்கே இருந்த அந்தச் சிறிய சுடும் கழகத்தின் மேற்பார்வையாளர். "புதிது தேடாதே. தானே பூட்டிச் செய்ய யாரோ ஆசைப்பட்டு வாங்கி, திறந்து பார்த்துப் பயந்து, பரணில் போட்டுவிட்ட பெட்டியைத் தேடு" என்றார். அப்படி ஒரு பெட்டி, தகப்பனின் கராஜைக் காலிசெய்த ஒரு பெண்ணின் சிறுவிளம்பரத்தில் கிடைத்தது. உள்ளே குழல், துரு நாறும் இரும்புத் துண்டுகள், துடுப்பை முறித்ததுபோல் ஒரு வால்நட் கட்டை.

றொனால்ட் முதலில் பார்த்தது குழலில் இருந்த முத்திரையை. அரசாங்கச் சோதனைக்கூடத்தில் அளவுக்கு மிஞ்சிய மருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்கினால்தான் அந்த முத்திரை விழும். "இது தன் பலத்துக்கு மேலே ஒருமுறை தாங்கியிருக்கிறது. முத்திரை இல்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்போம்" என்றார். மரியரட்ணம் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இரும்புத் துண்டும் சோதனை எழுதிச் சித்தியடைகிறது என்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஒற்றை வெடித் துவக்கை வயதுவந்த எவரும் வாங்கலாம் என்கிறது இந்த நாட்டுச் சட்டம். மருந்து வாங்கத்தான் வகுப்பும் சோதனையும் அனுமதியும். மரியரட்ணம் அந்த வகுப்புக்கும் போனார், சோதனையும் எழுதினார். பகலில் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் பெரிய லொண்டிறியில் வேலை. பின்னேரங்களில் வீட்டுக்குக் கீழே இருந்த கெல்லருக்குள் இறங்கி மரத்தைக் குடைவார். குழலை மெழுகுதிரிச் சுடரில் காட்டிக் கரிபிடிக்க வைப்பார், மரத்தில் வைத்து அழுத்துவார், எடுப்பார். கரி ஒட்டிய இடம் மேடு. அதைச் சுரண்டிவிட்டுத் திரும்பவும் கரி, திரும்பவும் அழுத்தல். ஒரு மாரி முழுக்க இது நடந்தது. கடைசியில் குழல் மரத்துக்குள் படுத்தபோது இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமயிர்கூட நுழையவில்லை. மேலே ஓடிவந்து மனைவி லவினியாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"வடிவாத்தான் கிடக்கு" என்றார் லவினியா. "ஒரு சிலுவை செய்திருக்கலாம்."

ஆனால் வெடிக்கிற காலம் முழுக்க லவினியா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெடிக்காமல் விடத் தொடங்கியபிறகுதான் வீட்டில் பிரச்சினை வந்தது.

நவம்பர் ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்து வந்து, லவினியா பிட்டும் விளைமீன் குழம்பும் வைத்திருந்தார். லொண்டிறியில் கூட வேலைசெய்யும் மதிசுதன் சாப்பிட வந்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், வாய் சும்மா இராது.

"என்ன மரியண்ணை, உங்கடை பீரங்கி இன்னும் கோவத்திலையோ?"

"முதல் வெடிதான் பிசகுது."

"அதுக்கும் காலமை கோப்பி குடுத்துப் பாருங்கோ. எங்கடை சூப்பவைசரும் கோப்பி குடிக்காமல் வாய் திறக்கமாட்டான்."

"சிரியடா, சிரி. மருந்து மாத்தினன். தொப்பி மாத்தினன். சுத்தியலின்ரை சுருள்வில்லும் மாத்தினன். பிஸ்ரனும் புதுசு."

"அப்ப மிச்சம் நீங்கள்தான். உங்களையும் மாத்தினால் சரி."

லவினியா சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

மதிசுதன் விடவில்லை. "இல்லை அண்ணை, உண்மையாக் கேக்கிறன். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். பிறகு ஏன் உங்களுக்கு உந்த வேலை?"

மரியரட்ணம் பிட்டைப் பிசைந்தபடி யோசித்தார். "அங்கை துவக்கு வைச்சிருந்த ஒருத்தரும் அது எப்பிடி வேலைசெய்யுது எண்டு எனக்குக் காட்டேல்லை. சத்தத்தை மட்டும் காட்டினாங்கள். இதை நான் திருகுதிருகாக் கழட்டிப் பூட்டினனான். இதுக்குள்ளை எனக்குத் தெரியாத ஒண்டுமில்லை."

"ஒண்டு கிடக்கு" என்றார் லவினியா. "முதல் வெடி ஏன் வெடிக்கிறேல்லை எண்டு."

மதிசுதன் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொன்ன நேரம் வெடிக்காதது, சொல்லாத நேரம் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார்.

லவினியா வரவேற்பறைச் சோபாவில் படுக்கத் தொடங்கி ஒரு மாதமாகிறது. துவக்கு படுக்கையறை அலுமாரிக்குள், பூட்டிய இரும்புப் பெட்டியில் இருந்தது. மரியரட்ணம் பலமுறை விளங்கப்படுத்தியிருந்தார்: வீட்டில் மருந்து ஒரு துளியும் இல்லை, அது கழகத்தில் றொனால்டின் பொறுப்பில் இருக்கிறது, மருந்தில்லாத துவக்கு வெறும் இரும்பும் மரமும், அதை வைத்துத் தேங்காய்கூட உடைக்க ஏலாது.

"எனக்கு விளங்குதப்பா" என்பார் லவினியா. "என்ரை நித்திரைக்குத்தான் விளங்கேல்லை."

இருபத்தெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் புரளும்போது சோபாவின் வில் கீச்சிடுவது மரியரட்ணத்துக்குக் கேட்கும்.

மதிசுதன் போனபிறகு லவினியா தீர்மானமாகச் சொன்னார். "வாற சனி நானும் வாறன். அண்டைக்கும் முதல் வெடி வெடிக்காட்டி, உது இந்த வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. அந்த றொனால்ட் மனுசனிட்டையே குடுத்திட்டு வாங்கோ."

"அவரும் அதைத்தான் சொல்லிப்போட்டார்." மரியரட்ணத்தின் குரல் இறங்கிப்போயிற்று. "இன்னொருக்காப் பிசகினால் வரிசையிலை நிக்க விடமாட்டாராம். பக்கத்திலை நிக்கிற ஆக்களுக்கும் அவர்தானே பொறுப்பு."

"நல்ல மனுசன்" என்றார் லவினியா.

அந்தக் கிழமை முழுக்க மரியரட்ணம் தன் வேலையைத் தானே வேவு பார்த்தார். கருமருந்து சுட்டால் உப்புப்போன்ற கசடு படியும். அது கரையத் தண்ணீர்தான் வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவுவார். இரும்பு சூடேறித் தானே காய்ந்துவிடும். அந்தச் சூட்டோடேயே துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, வாய் மேலாக நிமிர்த்தி வைப்பார். போகுமுன் குழல் வாயில் ஊதிப் பார்ப்பார். பிஸ்ரன் துளையால் காற்று வந்து விரலில் படும். ஊதினார். பட்டது. வழி திறந்துதான் இருக்கிறது. திறந்த வழியில் பொறி ஏன் போகவில்லை?

றொனால்டுக்கும் போன் எடுத்தார். அவர் டொச் மொழியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். "வழி அடைபட்டிருக்கிறதா?"

"இல்லை. இப்போதுதான் ஊதினேன்."

"மெஷின் எண்ணெய் போடுகிறாயா? கருமருந்தோடு அது சேர்ந்தால் தார்போலாகும்."

"இல்லை. நீங்கள் சொன்னமாதிரித் தாவர எண்ணெய்தான்."

"அப்படியென்றால் எனக்கும் தெரியவில்லை" என்றார் றொனால்ட். நாற்பது வருடம் சுட்டவரே அப்படிச் சொன்னதும், மரியரட்ணம் போனை வைத்துவிட்டுக் குழலை இன்னொருமுறை ஊதிப் பார்த்தார்.

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. சுடும் இடம் பழைய சுரங்கக் குடியிருப்பு ஒன்றின் பின்னால், மூன்று பக்கமும் மண்மேடு. சுடுகிறவர்களுக்கு மேலே மட்டும் தகரக்கூரை. காற்று நேரே வந்து எலும்பில் ஏறியது. லவினியா இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேலே குளிர்ச்சட்டையும் போட்டு, ஒரு பெட்டி நிறைய மீன் றோல்ஸ் கொண்டுவந்திருந்தார். வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. தான் வெறுக்கிற இடமானாலும்.

றொனால்ட் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண் கலங்கியது. "இதற்குள்ளும் கருமருந்தா?"

"மிளகு" என்றார் லவினியா டொச்சில். பிறகு தமிழில் கணவரிடம், "பாவம், தண்ணி குடுங்கோ."

காது மூடிகளை மாட்டிக்கொண்டார்கள். மரியரட்ணம் மருந்தை அளந்து கொட்டி, குண்டை வைத்து, கோலால் மெதுவாக, ஒரே சீராக அழுத்தினார். வாய் மண்மேட்டுப் பக்கம். தொப்பியைப் போட்டார். லவினியா பின்னால் கோட்டுக்கு அப்பால் நின்று கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

டக்.

ஒன்றுமில்லை. தூறல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும்.

மரியரட்ணம் அசையாமல் குழலை நேரே பிடித்தபடி நின்றார். அவருடைய தோள் தாழ்வதை லவினியா பின்னாலிருந்து பார்த்தார். ஒரு நிமிடம் போனதும் றொனால்ட் தலையசைத்தார். மரியரட்ணத்தின் கை பழக்கத்தில் அடுத்த தொப்பியை எடுக்கப் போனது.

"வைக்காதேங்கோ!"

லவினியாவின் குரல் காது மூடியையும் தாண்டி வந்தது. மற்றச் சுடுகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிமிசம் முடிஞ்சுது லவினி, இனிப் பயமில்லை. ரெண்டாவது வெடிக்கும்."

"அதுதான் சொல்லுறன், வெடிக்க வைக்காதேங்கோ. எங்கடை ஊர் முருங்கனிலை, கிணத்தடியிலை ஒரு ஷெல் வெடிக்காமல் கிடந்தது. மிதிவெடி எடுக்கிற பெடியள் வந்து முதல் என்ன சொன்னவங்கள் தெரியுமோ? தூக்காதேங்கோ, தட்டாதேங்கோ, அது வெடிக்குதோ எண்டு திருப்பிப் பாக்காதேங்கோ. கிடந்த இடத்திலை, கிடந்தமாதிரியே பாக்கவேணும். அப்பத்தான் ஏன் வெடிக்கேல்லை எண்டு தெரியும். நீங்கள் ஒவ்வொருக்காலும் மற்றத் தொப்பியை வைச்சு வெடிக்க வைச்சிட்டு, வீட்டை வந்து ஏன் ஏன் எண்டு கேக்கிறியள். இஞ்சையே, இப்பவே கழட்டுங்கோ."

மரியரட்ணம் தொப்பியைக் கீழே வைத்தார். பிறகு றொனால்டுக்கு டொச்சில் எடுத்துச் சொன்னார்.

"உன் மனைவி சொல்வது சரி" என்றார் றொனால்ட். "ஒவ்வொரு முறையும் சாட்சியைச் சுட்டுக் கொன்றுவிட்டு அல்லவா விசாரணை நடத்தியிருக்கிறோம்."

மற்றவர்களை நிறுத்திவைத்தார். துவக்கை மேசைத் தாங்கியில், வாய் மண்மேட்டைப் பார்க்க இறுக்கினார். மரியரட்ணம் ஒரு பக்கமாக நின்று சாவியால் பிஸ்ரனைத் திருகிக் கழற்றினார். குளிரில் விரல் விறைத்திருந்தது. றொனால்ட் அதை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளைவழியே பார்த்தார்.

"வெளிச்சம் வரவில்லை."

"அடைபட்டிருக்கா? வெளிக்கிட முன்னம் ஊதினனானே!"

மரியரட்ணம் மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுத் தள்ளினார். மறுபக்கத்தால், இடியப்ப உரலால் வருவதுபோல், ஒரு வெள்ளைத் திரி வந்தது. லவினியா கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். திரி அதில் விழுந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளைத் திரி மெல்லப் பளபளத்தது. பிறகு ஓரம் கரைந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கைச் சூட்டில் ஒரு துளி தெளிந்த எண்ணெயாகிவிட்டது.

லவினியா மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகம் என்னவோ போலானது, பிறகு சிரிப்பு வெடித்தது.

"இஞ்சரப்பா! இது என்ரை தலை எண்ணெய்!"

றொனால்டுக்கு விளங்கவில்லை. "என்ன பூசினாய் நீ?"

"எண்ணெய்தான். நீங்கள் சொன்ன தாவர எண்ணெய். தேங்காய் எண்ணெய்."

"கொக்கோஸா?" றொனால்ட் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மனுசா, அது எண்ணெய் இல்லை, கொழுப்பு! கொக்கோஸ்ஃபெற். கடையில் சவர்க்காரக் கட்டிமாதிரி விற்கிறார்களே, பார்த்ததில்லையா?"

"எங்களுக்கு அது எண்ணெய்" என்றார் மரியரட்ணம். அவருக்கு வேறு சொல் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அது எண்ணெய்தான்.

வீட்டில் அது ஒருநாளும் உறைந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியிலேயே, எல்லாத் தமிழ் வீடுகளையும்போல, அவர்களும் எண்ணெய்ப் போத்தலைச் சுவரில் இருக்கும் வெப்பத்தகட்டின் மேல் வைக்கப் பழகியிருந்தார்கள். அது உறையும் என்பதே மறந்துபோகிற அளவுக்குப் பழகியிருந்தார்கள். சூடான குழலில் பூசிய எண்ணெய், நிமிர்த்தி வைத்த துவக்கில் சொட்டுச் சொட்டாக அடிக்கு இறங்கி, பிஸ்ரன் துளையின் சுவரில் ஒட்டிக்கொண்டது. வெப்பத்தகட்டால் சூடேறிய படுக்கையறையில் அது இளகியே இருந்தது, ஊதினால் விலகிக் காற்றுக்கு வழிவிட்டது. பிறகு காரில் அரைமணி நேரம், தகரக்கூரையின் கீழ் ஒரு மணி நேரம். குளிரில் அது திரும்ப ஒன்றுசேர்ந்து, இறுகி, மெழுகானது. முதல் பொறி அந்த மெழுகில் மோதிச் செத்தது. ஆனால் சாகுமுன் அதில் பாதியை உருக்கி மெலியவைத்துவிட்டுச் செத்தது. மெலிந்த மிச்சத்தை இரண்டாவது பொறி, சிலநாள் மூன்றாவது, துளைத்துக்கொண்டு போனது. கோடையில் உறையவே இல்லை, அதனால் பிசகவும் இல்லை.

றொனால்ட் பிஸ்ரனைத் துடைத்துக் கொடுத்தார். மரியரட்ணம் பூட்டினார், புதுத்தொப்பி போட்டார்.

இந்தமுறை லவினியா சிலுவையைப் பிடிக்கவில்லை. சுத்தியல் விழுந்ததையும் நெருப்பு வாயால் வந்ததையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. செம்மஞ்சள் நாக்கு ஒன்று நீண்டது, நெஞ்சுக்குள் ஒரு இடி இறங்கியது, பிறகு வெள்ளைப் புகை பெரிய பஞ்சுமூட்டைபோல் விரிந்து தூறலுக்குள் தொங்கியது. கந்தக நாற்றம். புகை விலக மரியரட்ணம் அங்கேயே நின்றார், முழுதாக.

துவக்கு வெறுமையாகிவிட்டது என்று றொனால்ட் பார்த்துச் சொன்னபிறகு லவினியா கிட்டப் போனார். முதன்முறையாக அதைத் தொட்டார். குழல் சூடாக இருந்தது.

"அவ்வளவு நெருப்பும் இந்த ஊசி ஓட்டையாலையோ வந்தது?"

"இல்லையப்பா. இதாலை போனது ஒரு பொறிதான். மிச்சம் உள்ளை பிறந்தது."

"ஒரு பொறி" என்றார் லவினியா. குனிந்து, ஒரு கண்ணை மூடி, அந்தத் துளையை நெடுநேரம் பார்த்தார். "என்ரை மாதாவே."

பிறகு நிமிர்ந்தார். "வீட்டை கொண்டு வாங்கோ. நான் கழுவுறன் உதை. உங்களை நம்பேலாது."

அன்று பின்னேரம் கொதிநீர் ஊற்றியது லவினியாதான். எந்த எண்ணெய் என்பதையும் அவரே சோதித்தார். ஒரு கரண்டியில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் நல்லெண்ணெய், இரண்டையும் பல்கனியில் வைத்தார். அன்றிரவு சோபாவின் வில் கீச்சிடவில்லை, அவர் கட்டிலுக்கே வந்துவிட்டார். காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டி. நல்லெண்ணெய் கரண்டியைச் சரித்ததும் ஓடியது.

அடுத்த சனி புல்லில் உறைபனி பூத்திருந்தது. சுடும் இடத்துக்குப் போய், மருந்து போடுமுன், அந்தக் குளிரிலேயே குழலை ஊதிப் பார்த்தார் மரியரட்ணம். விரலில் காற்றுப் பட்டது. ஏற்றினார். முதல் தொப்பியிலேயே வெடித்தது.

தேங்காய் எண்ணெய் இருபத்துநாலு பாகை செல்சியஸுக்குக் கீழே கட்டியாகும். நல்லெண்ணெய் ஆகாது. நல்லெண்ணெயை மெல்லிசாகப் பூசி, துவக்கை வாய் கீழாக நிறுத்தி வைத்து, சுடுகிற இடத்தில் ஊதிப் பார்த்துவிட்டு ஏற்றினால் முதல் வெடி வெடிக்கும்.